முறைக்காய்ச்சல் கண்ட மோட்டார்

புலியூர்க்குறிச்சி ஏற்றத்தில் பாதி ஏறுவதற்குள் எங்கள் மோட்டாருக்கு மூச்சு வாங்கியது. டிரைவர் சூசை அதை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினான். எஞ்சின் நிற்கவில்லை. நிற்கப்போகிறேன், நிற்கப்போகிறேன் என்று திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. பின் ஸீட்டில் இருந்த என் பற்கள் அதோடு சேர்ந்து தாளம் போட்டன.

டாக்டர், அதாவது என் கணவர், இறங்கினார். மருந்துப் பையைத் திறந்து ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டார். எஞ்சின் மூடியைத் தூக்கி, குழாயின் மறுமுனையை இரும்பின்மேல் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார்.

சாலையில் போய்க்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். மோட்டாரைப் பார்ப்பதே அப்போது ஒரு வேடிக்கை. மோட்டாருக்கு வைத்தியம் நடப்பதைக் காணக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். சாரல் தூறியது, ஒருவரும் நகரவில்லை. இடுப்பில் பாளை அரிவாளோடு நின்ற பனையேறி ஒருவன் கேட்டான்:

"நாக்க நீட்டச் சொல்லிப் பாத்தியளா டாக்டரே?"

என் கணவருக்குக் காது நன்றாகக் கேட்கும். வேண்டாததைக் கேட்காமல் இருக்கவும் தெரியும். "நாலில் ஒன்று துடிப்பைத் தவறவிடுகிறது" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார்.

பிறகு பெட்ரோல் தொட்டியின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். உள்ளே ஒரு குச்சியை விட்டு எடுத்து, அதில் ஒட்டியதை உள்ளங்கையில் தேய்த்து, மறுபடியும் மோந்தார். சூசையை ஒரு பார்வை பார்த்தார். மூடியைத் திருகி மூடினார்.

வண்டி கிளம்பியது. மீதி ஏற்றத்தை எந்தச் சிணுக்கமும் இல்லாமல் ஏறிற்று.

"பாத்தியா?" என்றார் டாக்டர், என்னைத் திரும்பிப் பார்த்து. "நான் கண்ணு வச்சா ஒழுங்கா ஓடுது."

சூசை முதுகை நிமிர்த்திக்கொண்டு சாலையையே பார்த்தான். அவனுக்கு வேலையில் அந்த வாரம்தான் மிச்சம்.

காளைக்குப் பின் வந்தது

சென்ற வாரம் எங்கள் வில்வண்டிக் காளை கால் முறிந்து போன கதையை எழுதியிருந்தேன். அதற்குப் பின் இன்னொரு காளை வாங்க டாக்டருக்கு மனம் வரவில்லை. உயிருள்ளதை நம்பிப் பிழைப்பு நடத்த முடியாது என்றார். நோயாளிகளை வைத்துப் பிழைக்கிறவர் சொல்லக்கூடிய பேச்சா அது என்று நான் கேட்கவில்லை.

மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்ற வண்டி அது. அமெரிக்காவில் செய்தது. மேலே கித்தான் கூரை, பக்கங்களில் ஒன்றுமில்லை. மழை எந்தத் திசையிலிருந்து அடித்தாலும் பின் ஸீட்டுக்கு வந்து சேரும்.

பெட்ரோல் தொட்டி முன் கண்ணாடிக்குக் கீழே, எஞ்சினுக்குப் பின்னால், கொஞ்சம் உயரத்தில் இருந்தது. அங்கிருந்து பெட்ரோல் தானாகக் கீழே இறங்கி எஞ்சினுக்குப் போகும். தொட்டியின் மூடி வெளியே மழைக்கும் வெயிலுக்கும் முகம் காட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கதைக்கு அவ்வளவு தெரிந்தால் போதும். மற்ற யந்திர சாஸ்திரம் எனக்கும் தெரியாது.

டாக்டருக்கு நாகர்கோவிலில் சொந்த ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் அறை ஒன்று, படுக்கைகள் நாலைந்து, அவ்வளவுதான். திங்கட்கிழமை தொடுவெட்டிக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். தொடுவெட்டி என்றால் இப்போது பலருக்குத் தெரியாது, மார்த்தாண்டம் என்றால் தெரியும். என் பிறந்த வீடு அங்கே. அதனால் திங்கட்கிழமைகளில் நானும் தொற்றிக்கொள்வேன். மற்ற நாட்களில் ஆரல்வாய்மொழி, குளச்சல் என்று எங்காவது போவார்.

சூசை

சூசை மணவாளக்குறிச்சிக்குத் தெற்கே கடற்கரையைச் சேர்ந்தவன். அப்பனும் அண்ணன்மாரும் படகில் மீன்பிடிக்கும் வள்ளக்காரர்கள். இவன் மட்டும் கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பான். கடற்கரையில் பிறந்தவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. திருவனந்தபுரத்துக்குப் போய் ஒரு பஸ் முதலாளியிடம் வண்டி கழுவி, ஓட்டப் படித்து, லைசென்ஸோடு திரும்பி வந்தான். அவன் ஊரில் மோட்டார் ஓட்டிய முதல் ஆள் அவன்தான்.

அதிகம் பேச மாட்டான். வண்டியைத் தினமும் இரண்டு வேளை துடைப்பான். சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போய், திங்கட்கிழமை விடிந்ததும் வந்து நிற்பான். வரும்போது எனக்கு மீன் கொண்டுவருவான். நல்ல மீனாக இருக்கும். அதனாலேயே எனக்கு அவன்மேல் கொஞ்சம் பட்சம் என்று டாக்டர் சொல்வார். இருக்கலாம்.

அந்த வருஷம் சாரல் தொடங்கியபோது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பெண்ணும் அதே ஊர்தான். தகப்பன் இல்லாத பெண், தாய்மாமன் மிக்கேல் வளர்த்தவள். மிக்கேல் அந்தக் கரையில் வள்ளம் பழுது பார்ப்பதில் பேர்பெற்றவர். கடலுக்குப் போகாதவனுக்குப் பெண்ணா என்று முதலில் தலையை ஆட்டியிருக்கிறார். மாசச் சம்பளம் தவறாத வேலை என்று மற்றவர்கள் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்கள்.

கத்தோலிக்கர்களான அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். மூன்றாவது ஓலை முடிந்தால்தான் கல்யாணம். முதல் ஓலை வாசித்தாகிவிட்டது. இரண்டாவதுக்கு முந்தின நாள்தான் டாக்டர் அவனைக் கள்ளன் என்று சொன்னார்.

எல்லா நோய்க்கும் ஓர் ஆள்

டாக்டரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும்.

நாங்கள் கல்யாணமான புதிதில் மாணவர் விடுதி ஒன்றில் பையன்கள் வரிசையாக வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். கிணற்றைப் பார்த்தார்கள், அரிசியைப் பார்த்தார்கள், ஒன்றும் பிடிபடவில்லை. டாக்டர் போய் அடுக்களையில் முக்காலி போட்டு உட்கார்ந்து சமையல்காரனையே பார்த்துக்கொண்டிருந்தார். நோய் அவன் கையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அவனை மாற்றியதும் நின்றது. ஊர் முழுக்க அதைப் பேசியது.

அந்த வெற்றி அவரைக் கெடுத்துவிட்டது. அன்றிலிருந்து எந்த நோய்க்குப் பின்னாலும் ஓர் ஆள் இருக்கிறான் என்று நம்ப ஆரம்பித்தார். மஞ்சள் காமாலைக்காரனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். டாக்டருக்கே காமாலை வந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

மோட்டார் விஷயம் பெட்ரோல் செலவில் ஆரம்பித்தது. பெட்ரோல் தண்ணீராய் ஓடுகிறதே, எங்கே போகிறது என்று ஒருநாள் டாக்டர் சூசையிடம் கேட்டார். "மலை ஏற்றமாக்கும் ஐயா, குடிக்கும்" என்றான் அவன்.

அதற்கு அடுத்த வாரத்திலிருந்து வண்டிக்குச் சீக்கு வந்தது. கிளம்பும்போது நன்றாக இருக்கும். ஏழெட்டு மைல் போனதும் இழுவை குறையும். ஏற்றத்தில் திணறும். நிறுத்தி வைத்தால் எஞ்சின் குலுங்கிக் குலுங்கி ஓடும். திங்கட்கிழமை படுமோசம். செவ்வாய், புதன் அப்படியே. வெள்ளிக்கிழமை ஆக ஆகத் தெளியும். சனிக்கிழமை குளச்சலுக்கு ஒரு முனகலும் இல்லாமல் போய் வரும். திங்கட்கிழமை மறுபடியும் விழும்.

"முறைக்காய்ச்சல்" என்றார் டாக்டர். தோவாளை மலையடிவாரத்தில் அப்போது நாள் வைத்து வரும் குளிர்காய்ச்சல் அதிகம். அதற்குக் கொயினா மருந்து கொடுப்பார். இதற்கு என்ன கொடுப்பதென்று தெரியவில்லை.

கோட்டாற்றுப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்து ஊதினார். பெட்ரோலை வடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி மறுபடியும் ஊற்றினார். ஊற்றியதும் வண்டி பட்டறை முற்றத்தைப் பிரமாதமாகச் சுற்றி வந்தது. "வண்டியில ஒரு கோளாறும் இல்ல" என்றார் மேஸ்திரி.

வண்டியில் கோளாறு இல்லையென்றால் ஆளில்தானே? டாக்டர் கணக்குப் போட்டுவிட்டார். சூசை சனிக்கிழமை சாயங்காலம் பெட்ரோலை எடுத்து பஸ்காரர்களுக்கு விற்கிறான். அளவு தெரியாமலிருக்க மண்ணெண்ணெய் ஊற்றுகிறான். அதனால் திங்கட்கிழமை எஞ்சின் திணறுகிறது. வாரம் போகப் போகப் புதுப் பெட்ரோல் சேர்வதால் கலப்படம் குறைந்து குணமாகிறது. பெட்ரோல் செலவு, திங்கட்கிழமைச் சீக்கு, சனிக்கிழமைத் தெளிவு எல்லாம் சரியாகப் பொருந்தியது. இவ்வளவு அழகாகப் பொருந்திய ஒரு பொய்யை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அவருடைய சோதனை உள்ளங்கைச் சோதனை. பெட்ரோலைத் தேய்த்தால் பறந்துவிடும். மண்ணெண்ணெய் இருந்தால் பிசுபிசுப்பு நிற்கும். பிசுபிசுப்பு நின்றது. நாளெல்லாம் களிம்பு தடவுகிற கையில் நிற்காமல் என்ன செய்யும்?

ஒரு சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

"ஏலே, உள்ளதச் சொல்லு. தொட்டியில என்னத்தக் கலக்குதே?"

"ஒண்ணும் கலக்கல்ல ஐயா."

"கள்ளப் பயலே! அடுத்த சனிக்கிழமையோட நின்னுக்கோ."

வாசலில் நோயாளிகள் இருந்தார்கள். கூடையை இறக்கி வைத்துவிட்டு மருந்துக்கு நின்ற மீன்காரிகளும் இருந்தார்கள். சூசை ஊர் போய்ச் சேர்வதற்கு முன்னால் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாள் இரண்டாவது ஓலை எப்படியோ தடங்கல் இல்லாமல் முடிந்தது. ஆனால் பூசை முடிந்ததும் மிக்கேல் அவனைக் கூப்பிட்டு, திருடன் என்று வேலையை விட்டு நீக்கினால் மூன்றாவது ஓலையை வாசிக்க விடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

இதை எனக்குச் சொன்னவன் சூசைதான். அந்தத் திங்கட்கிழமை காலையில், மீனைக் கொடுத்துவிட்டுச் சொன்னான். அழவில்லை. "நான் எடுக்கல்லம்மா" என்று மட்டும் சொன்னான். நான் நம்பினேன். நம்பி என்ன பயன்? என் நம்பிக்கையால் எஞ்சின் ஓடாது.

அதே நாள், திரும்பும் வழி

அப்படித்தான் அன்று புலியூர்க்குறிச்சியில் அந்த ஸ்டெதஸ்கோப் வைத்தியம் நடந்தது. தொடுவெட்டி போய்ச் சேர்ந்தோம். டாக்டர் நோயாளிகளைப் பார்க்கப் போனார். நான் பிறந்த வீட்டுக்குப் போனேன்.

அன்று செக்கிலிருந்து தேங்காயெண்ணெய் டின் வந்திருந்தது. என் அண்ணன் மனைவி, மைனி, ஆணியால் டின்னில் ஓர் ஓட்டை போட்டுச் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்தது, விக்கியது, நின்றது. "இஞ்ச பாரு, இதுக்கும் உனக்க மாப்பிள மாதிரி மூக்குக்கு மேல கோவம்" என்று சொல்லிக்கொண்டே எதிர் மூலையில் இன்னோர் ஓட்டை போட்டாள். எண்ணெய் ஒழுங்காக விழுந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். புத்தியில் ஒன்றும் உறைக்கவில்லை. மைனி என் புருஷனைச் சொன்னதில்தான் கவனம் போயிற்று.

திரும்பும்போது தக்கலை தாண்டுவதற்குள் வண்டி திணறியது. டாக்டர் இறங்கினார், திறந்தார், மோந்தார், தேய்த்தார், மூடினார். ஓடியது. நான் இந்தத் தடவை முன் ஸீட்டுக்கு மாறியிருந்தேன், மழைக்குப் பயந்து. அவர் மூடியைத் திறந்தபோது என் முகத்துக்கு நேரே 'உஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது. எதுவோ காற்றை உள்ளே இழுத்தது.

வில்லுக்குறி வரும்வரை அந்தச் சத்தத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். வில்லுக்குறியில் மறுபடியும் இழுவை போயிற்று. டாக்டர் குடையைத் தேடினார்.

"நீங்க இருங்க" என்றேன். "நான் திறக்கேன்."

"உனக்கு மண்ணெண்ணெ மணம் தெரியுமா?"

"மோக்க மாட்டேன். சும்மா திறந்து மூடப்போறேன்."

இறங்கிப் போய்த் திறந்தேன். உஸ். மோக்கவில்லை, குச்சி விடவில்லை, தேய்க்கவில்லை. மூடினேன். எஞ்சினின் குலுக்கல் கொஞ்ச நேரத்தில் அடங்கிச் சீராக ஓட ஆரம்பித்தது.

"பாத்தியளா?" என்றேன். இந்த வார்த்தையைத் திருப்பிச் சொல்ல எனக்குக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் விடவில்லை. "நீங்க கண்ணு வைக்கதுனால ஓடல்ல. மூடியத் திறக்கதுனால ஓடுது. அதுக்குக் காத்து வேணும். மைனி எண்ணெ டின்னுல ரெண்டு ஓட்டை போட்டா. இதுல ஒண்ணுதான் இருக்கு."

டாக்டர் இறங்கி வந்தார். பிறகு மூடியைக் கழற்றிக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். நடுவில், குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு பள்ளம். அதில் அரக்கு நிறத்தில் ஏதோ இறுகிக் கிடந்தது.

"இதுல ஒரு துவாரம் இருந்திருக்கு. எதுவோ அடச்சிருக்கு."

"எதுவோ இல்ல ஐயா" என்றான் சூசை. "நான் அடச்சதாக்கும்."

அவன் குரலில் பயமில்லை. நல்ல வேலை செய்தவன் சொல்வதுபோலச் சொன்னான்.

"பெட்ரோல் எங்க போகுதுன்னு ஐயா கேட்டியள்ளா. நான் வண்டி பூரா தேடினேன். எங்கயும் ஒழுக்கு இல்ல. இந்த மூடியில மட்டும் ஓட்ட. மோந்தா பெட்ரோல் மணம் வருது. மழ வெள்ளமும் இது வழியா எறங்கும். ஓட்டயக் கண்டுட்டு எப்படிச் சும்மா இருக்கது? குங்கிலியம் இடிச்சு, எண்ணெயில காய்ச்சி வச்சு அடச்சேன். வள்ளத்துல ஓட்ட அடைக்க வைக்கதுதான். பெட்ரோல் ஆவி பட்டு அது வாரக் கடசியில இளகிப்போவும். திங்கக்கிழம வரும்போ வீட்டுல இருந்து தேங்காச் சிரட்டையில கொண்டுவந்து திருப்பியும் வைப்பேன்."

திங்கட்கிழமைச் சீக்கும் சனிக்கிழமைத் தெளிவும் இப்படி விளங்கின. பெட்ரோல் ஒரு சொட்டுக்கூடப் போகக்கூடாது என்று பாடுபட்டவனைத்தான் பெட்ரோல் திருடன் என்று சொல்லியிருந்தோம். டாக்டர் ஒரு குச்சியால் குங்கிலியத்தைக் குத்தி எடுத்துக்கொண்டிருந்தார். அதை எடுக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

வில்லுக்குறி ரோட்டில் சொன்னது

"சரி" என்றார் கடைசியில். "நீ வேலையில இருந்துக்கோ."

சூசை நகரவில்லை.

"என்னலே?"

"ஐயா என்னக் கள்ளன்னு சொன்னது ஆசுபத்திரி வாசல்ல. மீன்காரியெல்லாம் கேட்டுட்டு நின்னா. இப்பச் சொல்லுதது இந்த வில்லுக்குறி ரோட்டுல. இஞ்ச ஆரு இருக்கா கேக்கதுக்கு?"

சாலையில் மழையைத் தவிர யாரும் இல்லை.

"நான் கைப்பட ஒரு சர்டிபிகேட் எழுதித் தாறேன்" என்றார் டாக்டர். எந்தச் சங்கடத்துக்கும் அவரிடம் இருந்த மருந்து அது.

"எங்க ஊருல எழுத்து வாசிக்கது சாமியாரு ஒருத்தருதான். கேக்கதுன்னா எல்லாரும் கேப்பா. ஞாயித்துக்கிழம மூணாவது ஓல. ஐயா கோயிலுக்கு வந்து நிக்கணும்."

இதில் இருந்த சிக்கல் இந்தக் காலத்து வாசகர்களுக்கு விளங்காமல் போகலாம். நாங்கள் புராட்டஸ்டண்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர்கள். என் மாமனார் உபதேசியார். ரோமன் கோயில் வாசலில் மழைக்குக்கூட ஒதுங்க மாட்டார். அவர்களும் எங்களைப் பற்றி நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வேதத்தை வைத்துக்கொண்டு முகம் திருப்பிக்கொண்ட காலம் அது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் ஆராதனையைத் தவறவிட்டு டாக்டர் அங்கே போய் நிற்பதென்றால், திங்கட்கிழமை சபைக்கு அவரே பதில் சொல்ல வேண்டியவர் ஆவார்.

"பாக்கலாம்" என்றார்.

அந்த வாரம் வண்டி ஒருநாளும் திணறவில்லை. வீட்டில்தான் இழுவை இல்லை. டாக்டர் சாப்பாட்டில் குறை கண்டுபிடித்தார், கொசுவலையில் குறை கண்டுபிடித்தார். சனிக்கிழமை சாயங்காலம் சூசை ஊருக்குக் கிளம்பியபோது, "பூசை எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

மூன்றாவது ஓலை

டாக்டரே வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். கோயில் கடலைப் பார்த்து இருந்தது. காற்றில் மணல் பறந்தது. அவர்கள் ஊரில் யாரும் செருப்புப் போடுவதில்லை. டாக்டரின் பூட்ஸ் மட்டும் வாசலில் தனியாகக் கிடந்தது.

நான் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் தரையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள், மரியாதையா விலகலா என்று தெரியவில்லை. டாக்டர் பின்னால் தூணோரம் நின்றார். முழங்கால் போட வேண்டிய இடங்களில் எல்லாரும் முழங்கால் போட்டார்கள். அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது.

பிரசங்கம் முடிந்து சாமியார் ஓலையைக் கையில் எடுத்தார். சூசையின் பெயரைச் சொல்வதற்குள் முன் வரிசையில் ஒருவர் எழுந்தார். கருத்து, அகன்ற ஆள். மிக்கேல்தான் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சாமி, இந்த ஓலைய வாசிக்காண்டாம். எனக்க மருமவளக் கள்ளனுக்குக் கெட்டிக் குடுக்க மாட்டேன். அவனுக்க டாக்டரே சொன்னதாக்கும்."

சூசை ஆண்கள் பக்கம் தலை குனிந்து இருந்தான். அந்தப் பெண் எங்கே இருந்தாள் என்று தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லாத் தலையும் முக்காட்டுக்குள் இருந்தது.

"அந்த டாக்டர் நான்தான்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். டாக்டர் தூணை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்திருந்தார்.

"இவன் எதையும் எடுக்கல்ல. நான் சொன்னது தப்பு."

அவ்வளவுதான் சொன்னார். மிக்கேல் விடுவதாக இல்லை.

"அப்போ வண்டி நின்னது எதுக்கு?"

"பெட்ரோல் தொட்டி மூடியில ஒரு ஓட்டை உண்டு. காத்து போறதுக்குள்ளது. இவன் அதக் குங்கிலியம் வச்சு அடச்சிட்டான்."

கோயிலில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. நான் பயந்துபோனேன். திருடன் இல்லை, முட்டாள் என்று ஆகிவிட்டதோ என்று நினைத்தேன். அங்கே இருந்தவர்கள் எல்லாரும் வள்ளக்காரர்கள் என்பதை மறந்துவிட்டேன்.

"ஓட்டயக் கண்டா அடைக்காண்டாமா?" என்றார் ஒரு கிழவர்.

"பின்ன, வாயத் திறந்து பாத்துட்டு நிப்பானா?" என்றான் இன்னொருவன்.

"இல்ல, அந்த ஓட்டை வேணும்" என்று டாக்டர் விளக்க ஆரம்பித்தார். "காத்து உள்ள போகாட்டா எண்ணெ எறங்காது..."

"ஓட்ட வேணும்னு சொல்லுத வண்டிய என்னத்துக்கு டாக்டரே வாங்கினிய?"

பெண்கள் பக்கத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கு இடம் விட்டு நகர்ந்தவள் என் தோளில் சாய்ந்து சிரித்தாள். சாமியார் பீடத்தில் கையால் தட்டினார்.

மிக்கேல் மட்டும் சிரிக்கவில்லை. சூசையின் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"குங்கிலியம் பிடிச்சுதாலே?"

சூசை எழுந்தான். "பிடிச்சுது மாமா. பெட்ரோல் ஆவியில ஒரு வாரத்துல இளகும். திங்கக்கிழம திருப்பியும் வைப்பேன்."

"எண்ணெயக் கொஞ்சம் கொறச்சிருக்கணும்" என்றார் மிக்கேல். பிறகு சாமியாரைப் பார்த்து, "வாசிங்க சாமி" என்று சொல்லி உட்கார்ந்தார்.

சாமியார் வாசித்தார். தடை யாரும் சொல்லவில்லை.

வீடு திரும்பும்போது சூசைதான் ஓட்டினான். டாக்டர் முகத்தில் கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. ஒரு கஷ்டமான பிரசவம் பார்த்துவிட்டு வருகிறவரைப் போலக் களைத்திருந்தார். எங்கள் சபையில் அவருக்கு அதற்காக ஒரு வருஷம் முணுமுணுப்பு இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

அதற்குப் பின் முப்பது சொச்சம் வருஷம் அவரோடு வாழ்ந்தேன். "நான் சொன்னது தப்பு" என்று அவர் வாயால் கேட்டது அன்று ஒருமுறைதான். என்னிடம் அதைச் சொல்வதற்கு அவருக்குக் காரணங்கள் நிறைய இருந்தன. அன்று பின் ஸீட்டில் உட்கார்ந்து சூசையின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தபோது எனக்கு அவன்மேல் பொறாமையாக இருந்தது.